புரொஸ்டேட்டை எடுத்த பிறகு சலம் கசிவது ஏன், அதற்கு என்ன ஒப்பரேஷன்?

"புரொஸ்டேட் எடுத்தால் சலம் போறது போறதுதான். இனிப் பம்பஸோடதான் சீவியம்." கிளினிக் வாசல் வாங்கில் இருந்தபடி இப்படித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் வன்னியில் எந்த ஆஸ்பத்திரியிலும் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர், "என்ர மச்சானுக்கும் புரொஸ்டேட்தான் செய்தது, அவருக்கு ஒண்டுமில்லை. இவருக்கு நரம்பை வெட்டிப்போட்டாங்கள்" என்பார். மூன்றாமவர் கிட்னி பழுதாகிவிட்டது என்று பயமுறுத்துவார்.

மூன்று பேர் சொல்வதும் பிழை. வெறும் வாய்க்கதை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இதை நம்பித்தான் பலர் கறுப்புச் சாரமாகத் தேடி உடுத்துகிறார்கள், பஸ் சீற்றில் உரப்பையை மடித்துப் போட்டு இருக்கிறார்கள், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டார் எல்லோரும் வெளிக்கிட்டுப் போகத் தாங்கள் மட்டும் காவலுக்கு நிற்கிறார்கள். வைத்தியரிடமும் வாய் திறப்பதில்லை. மனைவி கூட வந்தால்தான் விஷயம் வெளியே வரும்: "இவருக்குச் சலம் நிக்குதில்லை டொக்டர்." அவர் உடனே, "நீர் சும்மா இரும்."

இந்தக் கசிவுக்கு வைத்தியம் உண்டு, அதில் ஒப்பரேஷனும் அடக்கம். எது யாருக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலும் ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: சலத்தை மறிக்கும் கதவில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

குளமும் இரண்டு கதவும்

இரணைமடுவோ வவுனிக்குளமோ, ஒரு குளத்தை மனதில் வையுங்கள். அணைக்கட்டோடு சேர்ந்து ஒரு துருசு இருக்கிறது. அதைத் திறப்பதும் பூட்டுவதும் திணைக்களத்தின் வேலை. கமக்காரர் கை வைக்க ஏலாது. அதற்குக் கீழே, வாய்க்காலில் இன்னொரு கதவு. அது கமக்காரரின் கையில். துருசு பூட்டிக் கிடக்கும் வரையில் வாய்க்கால் கதவில் பெரிய பாரம் இல்லை.

ஆணின் உடம்பிலும் ஏறக்குறைய இதுதான் ஏற்பாடு. குளம் என்பது சலப்பை. சிறுநீரகத்திலிருந்து வரும் சலம் தேங்கும் தசைப்பை, வளர்ந்த ஒருவருக்கு அரை லீற்றர் அளவு கொள்ளும். சலப்பையின் கழுத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், நித்திரையிலும்கூட, அது தானாக இறுக்கிப் பிடித்திருக்கும். இதை உட்கதவு என்போம். துருசு இதுதான். இதற்குக் கீழே சலக்குழாயைச் சுற்றி இன்னொரு தசை வளையம். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது "மாங்குளம் வரட்டும்" என்று அடக்கிப் பிடிக்கிறோமே, அந்த வேலையைச் செய்வது இதுதான். இது வெளிக்கதவு.

இந்த இரண்டு கதவுக்கும் நடுவில், சலக்குழாயைச் சுற்றிப் பிடித்தபடி இருக்கும் சுரப்பிதான் புரொஸ்டேட். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் செய்வது அதன் தொழில். சலத்தை மறிப்பது அதன் தொழில் அல்ல. இருக்கிற இடம்தான் வில்லங்கம்.

குள உவமை ஒரு இடத்தில் உதவாது. குளம் தானாகச் சுருங்காது, சலப்பை சுருங்கும். இது பிறகு தேவைப்படும்.

மச்சானுக்குச் செய்தது வேறு, இவருக்குச் செய்தது வேறு

ஊரில் புரொஸ்டேட் ஒப்பரேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் செய்வது இரண்டு வெவ்வேறு வேலை.

வயது போகப் போகப் பல ஆண்களுக்குப் புரொஸ்டேட் வீங்கிச் சலக்குழாயை நெரிக்கும். இது புற்றுநோய் அல்ல. மருந்துக்குக் கேட்காவிட்டால், சலக்குழாய் வழியாகவே கருவியை விட்டு, நெரிக்கும் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். சுரப்பியின் வெளி ஓடு அப்படியே இருக்கும், வெளிக்கதவைத் தொடமாட்டார்கள். இதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவசரமும் எரிவும் இருக்கலாம். ஆனால் கதவு கெட்டு நிரந்தரமாகக் கசிவது நூறு பேரில் ஒருவர் அளவில்தான்.

புற்றுநோய் என்றால் கதை வேறு. புரொஸ்டேட்டை முழுதாக, விந்துப்பைகளோடு சேர்த்து எடுப்பார்கள். எடுத்தபின் இடையில் வெளி விழும். அந்த வெளியை மூட, சலப்பையின் கழுத்தைக் கீழே இறக்கி, சலக்குழாயின் வெட்டிய முனையோடு தைப்பார்கள். துருசை அது நின்ற கட்டுத் துண்டோடு சேர்த்துப் பெயர்த்துவிட்டு, வாய்க்காலை நேரே குளத்தில் பொருத்தியது போல. உட்கதவு பெரும்பாலும் போய்விட்டது. இரண்டு பேர் பார்த்த வேலையை இனி வெளிக்கதவு தனியே பார்க்க வேண்டும். அதுவும் அப்போதுதான் தன் பக்கத்துத் தசைகளும் தாங்கிகளும் அறுபட்டுக் களைத்துப்போய் இருக்கும்.

ஆகவே ஆரம்பத்தில் கசிவது வைத்தியர் பிழை விட்டதற்கு அடையாளம் இல்லை. ஒழுங்காகச் செய்த ஒப்பரேஷனுக்குப் பிறகும் கசியும். கிட்னிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வவுனியாப் பக்கம் கமக்காரர்களிடையே சிறுநீரக நோய் இருப்பதால் சலம் என்றதும் அந்தப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் சிறுநீரகம் சலத்தைச் செய்கிற இடம், இங்கே கோளாறு மறிக்கிற இடத்தில்.

சுருக்கமாக: உட்புறத்தை மட்டும் சுரண்டினால் வெளிக்கதவு தப்பும், கசிவு அரிது. புற்றுநோய்க்காக முழுதாக எடுத்தால் உட்கதவு போகும், வெளிக்கதவு தனித்து நிற்கும்.

கசிவெல்லாம் ஒரே கசிவு அல்ல

கதவு பலவீனமானால் வருவது அழுத்தக் கசிவு. இருமும்போது, தும்மும்போது, நிலத்திலிருந்து எழும்பும்போது, நெல் மூட்டையில் கை வைக்கும்போது பொசுக்கென்று வரும். இதற்கு ஒரு குணம் உண்டு: இரவு படுத்தால் அவ்வளவாக நனையாது, காலமையும் பரவாயில்லை, பின்னேரம் ஆகத்தான் மோசமாகும். நாள் முழுக்கப் பிடித்த தசை பொழுதுபடக் களைத்துவிடும். வைத்தியர் "எந்த நேரம் கூட நனையுது?" என்று கேட்பது இதற்காகத்தான்.

அவசரக் கசிவு வேறு. இங்கே சலப்பை சொல்லாமல் கொள்ளாமல் தானே சுருங்குகிறது. முட்டுகிறது என்று தெரிந்து கக்கூசுக்குப் போவதற்குள் வந்துவிடும். குளம் செய்யாத வேலை என்று மேலே சொன்னது இதைத்தான். இதற்குக் குளிசை உண்டு; கதவுக்குச் செய்யும் ஒப்பரேஷன் இதைத் தீர்க்காது. சிலருக்கு இரண்டு வகையும் கலந்திருக்கும்.

மூன்றாவது, தைத்த இடத்தில் தழும்பு பிடித்துப் பாதை ஒடுங்கி, சலப்பை நிரம்பி வழிவது. சலம் மெல்லிய நூலாக, முக்கி முக்கிப் போகும், பிறகும் சொட்டும். அப்படியென்றால் முதலில் அந்த ஒடுக்கத்தைத் திறக்க வேண்டும்.

போர்க் காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சலம் கட்டுப்படாமல் இருப்பவர்கள் வன்னியில் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கெட்டது நரம்பு வழி. அவர்களுடைய வைத்தியத்தைப் புரொஸ்டேட் எடுத்தவர் பின்பற்றவும் கூடாது, இவருடையதை அவர்கள் பின்பற்றவும் கூடாது.

முதலில் தசைக்குத் தவணை கொடுக்க வேண்டும்

ஒப்பரேஷன் முடிந்து ஒன்றிரண்டு கிழமையில் சலக்குழாயில் போட்ட ரியூப்பை எடுப்பார்கள். அன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்குக் கசியும். அங்கேயே மனம் உடைந்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் பலருக்கு மெல்ல மெல்லக் குறைகிறது. ஆறு மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியும், பன்னிரண்டு மாதம் வரையிலும் முன்னேற்றம் வரலாம். அதனால்தான் உடனே அடுத்த ஒப்பரேஷன் பற்றிக் கதைப்பதில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் வைத்தியர்களின் வழிகாட்டல், பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லாவிட்டால் ஆறு மாதத்திலேயே ஒப்பரேஷனை யோசிக்கலாம் என்றும், ஒரு வருடமாகியும் தொல்லை தரும் கசிவு நின்றபாடில்லை என்றால் கட்டாயம் அதைப்பற்றி நோயாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது.

இடையில் செய்ய வேண்டியது இடுப்படித் தசைப் பயிற்சி. இடுப்படித் தசை என்பது சலப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் தசைத் தட்டு. நாலு பேருக்கு நடுவில் வாயு வெளியேறாமல் அடக்குவோமே, அந்த இறுக்கம்தான். சரியாக இறுக்கினால் ஆணுறுப்பு கொஞ்சம் உள்ளே இழுபடுவதைக் காணலாம். வயிறும் தொடையும் குண்டியும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கவும் கூடாது. ஐந்து முதல் பத்து விநாடி பிடித்து, அதேயளவு நேரம் விட்டு, பத்துத் தரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. எழும்புவதற்கும் இருமுவதற்கும் முன்னர் ஒருமுறை இறுக்கிப் பழகினால் கசிவு அங்கேயே குறையும். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒரு முறைக்கு மட்டும். அதையே பயிற்சியாக்க வேண்டாம்.

பலர் இதற்குப் பதிலாகச் செய்வது தண்ணீரைக் குறைப்பது. வன்னி வெயிலில் வயலுக்குள் நிற்கிறவர் தண்ணீர் குடிக்காமல் விட்டால் சலம் தடித்து, சலப்பை எரிந்து, அவசரம் கூடும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியை.

எவ்வளவு கசிகிறது என்று நிறுக்கலாம்

"நிறையப் போகுது" என்பதை வைத்து ஒப்பரேஷனைத் தீர்மானிக்க முடியாது. எளிய அளவு ஒன்று உண்டு. காய்ந்த பம்பஸை நிறுத்து எழுதுங்கள். ஒரு முழு நாளில் மாற்றியதையெல்லாம் ஒரு ஷொப்பிங் பையில் முடிந்து வைத்து மறுநாள் நிறுங்கள். அதிலிருந்து, மாற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காய்ந்த பம்பஸின் நிறையைக் கழித்தால் வருவதுதான் கசிந்த அளவு; ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். 100 கிராமுக்குள் என்றால் இலேசு, 400 கிராமுக்கு மேல் என்றால் கடுமை என்பது பொதுவான கணக்கு. கிளினிக் கொப்பியோடு இந்தக் கடதாசியையும் நீட்டினால், வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பிறகு வைத்தியர் சலத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார். மெல்லிய கமராவைச் சலக்குழாய்க்குள் விட்டு, ஒடுக்கம் இருக்கிறதா, இறுக்கச் சொன்னால் வெளிக்கதவு மூடுகிறதா என்று பார்ப்பார். முதலில் கேட்ட கேள்விக்கு விடை அநேகமாக இங்கேதான் கிடைக்கும்.

கதவு கொஞ்சம் மூடுகிறது என்றால்: தாங்கு நாடா

வெளிக்கதவுக்கு உயிர் இருக்கிறது, இறுக்கச் சொன்னால் மூடுகிறது, ஆனால் பாரம் தாங்கவில்லை. இலேசான அல்லது நடுத்தரக் கசிவு. இவர்களுக்கு ஸ்லிங் என்கிற தாங்கு நாடாவை வைப்பார்கள். விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடையில் சிறிதாக வெட்டி, செயற்கை இழையால் ஆன வலைநாடா ஒன்றைச் சலக்குழாயின் கீழே கொடுத்து, இரண்டு நுனியையும் இரு தொடை இடுக்கு வழியாக வெளியே இழுத்துச் சலக்குழாயைச் சற்று மேலே தூக்கி நிறுத்துவார்கள். தொய்ந்துபோன வாய்க்காலைக் கதவோடு மட்டம் பிடித்து நிமிர்த்துவது போல. நாடா சலத்தை மறிப்பதில்லை, மறிப்பது பழைய கதவுதான். ஆகவே கதவு முற்றாகச் செத்திருந்தால் நாடாவால் பிரயோசனம் குறைவு. அந்த இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் பலன் குறையும்.

நோயாளிக்கு இதில் உள்ள வசதி, எதையும் அமத்தவோ திறக்கவோ தேவையில்லை. முன்போலப் போய்ச் சலம் கழிக்கலாம். வசதியீனம், நாடா உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் வரை, ஆறு கிழமை அளவுக்கு, குந்தக் கூடாது, காலை அகட்டி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. எங்கள் ஊரில் கக்கூசே குந்துகிற கக்கூஸ். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வருமுன்னரே கொமட் கதிரை ஒன்று ஒழுங்கு பண்ணியிருக்க வேண்டும். உழவு மெஷினில் ஏறுவது, படலையைத் தாண்டுவது எல்லாம் தள்ளிப்போடத்தான் வேண்டும். நாடா தளர்ந்தால் திரும்பவும் கசியும். ஆனால் அதற்குப் பிறகும் அடுத்த வழி மூடப்படுவதில்லை.

சலக்குழாயின் சுவரில் ஊசி போட்டுத் தடிக்க வைப்பதும் உண்டு. முழுக் குணம் அரிது, கிடைக்கிற குறைவும் நிலைப்பதில்லை. அதை ஒப்பரேஷன் தாங்காத உடம்புக்காரருக்கென்று விட்டுவிடலாம்.

கதவு போய்விட்டது என்றால்: செயற்கைக் கதவு

கடும் கசிவுக்கு வைப்பது செயற்கைச் சலக்கதவு. இது சலம் சேரும் பை அல்ல, வெளியே எதுவும் தொங்காது. இதைச் சொல்லாமல் விட்டால் பலரும் இடுப்பில் ரியூப்பும் பையும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிரான்ட்லி ஸ்கொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இவ்வகைக் கருவியை முதன்முதல் 1972இல் ஒரு நோயாளிக்கு வைத்தார். இப்போது உலகில் அதிகம் பாவிக்கப்படும் வடிவம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. அரை நூற்றாண்டுப் பழக்கமுள்ள வைத்தியம், நேற்றுக் கண்டுபிடித்த பரிசோதனை இல்லை.

மூன்று உறுப்பு, எல்லாம் சிலிக்கன். சலக்குழாயைச் சுற்றி ஒரு வளையப் பட்டை, அதன் உட்புறம் திரவம் நிரம்பி உப்பியிருக்கும். அடிவயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், திரவத்தை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்க. விதைப்பைத் தோலுக்குள், விதைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பம்பு. மூன்றையும் நுண்குழாய்கள் இணைக்கும். பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை.

சாதாரண நேரத்தில் பட்டை உப்பிச் சலக்குழாயை மெல்ல நெரித்தபடி இருக்கும். இருமினாலும் திறக்காது. சலம் முட்டுகிறது என்றால் அவர் கக்கூசுக்குப் போகிறார், சாரத்தைத் தூக்குகிறார், விதைப்பைத் தோலுக்கு மேலாகப் பம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துச் சில தரம் அமத்தி விடுகிறார். பம்பு சப்பையாகிறது, பட்டையில் இருந்த திரவம் பலூனுக்குப் போய்விட்டது. நெரிப்பு விட்டுச் சலம் தன் பாட்டில் போகிறது. பூட்டுவதற்கு அவர் எதுவும் செய்யத் தேவையில்லை. பலூன் தன் அழுத்தத்தால் திரவத்தை மெதுவாகத் திருப்பித் தள்ளும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பட்டை மறுபடி உப்பிவிடும்.

வேலை இவ்வளவுதான், ஆனால் அதைச் செய்ய விரல் வேண்டும். விரல்கள் இழந்தவர், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், மறதி நோய் உள்ளவர் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வன்னியில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

இன்னொன்று, வைத்தவுடன் இதை இயக்கமாட்டார்கள். காயம் ஆற ஆறு கிழமை அளவு பட்டையைத் திறந்த நிலையிலேயே நிற்பாட்டி வைப்பார்கள். அதுவரையில் முன்போலவே கசியும். "இவ்வளவு செலவழிச்சும் சரிவரேல்லை" என்று வீட்டில் ஒப்பாரி தொடங்குவது இந்த ஆறு கிழமைக்குள்தான். பிறகு கிளினிக்கில் இயக்கிவிட்டு, அமத்தவும் பழக்குவார்கள். சைக்கிள் சீற் அமத்துகிற இடத்தில்தான் பட்டை இருக்கிறது. நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பதை விட்டுவிட வேண்டும்.

சுருக்கமாக: நாடா பழைய கதவுக்குத் தாங்கு கொடுக்கிறது. செயற்கைக் கருவி புதுக் கதவாகிறது. முதலாவதற்குக் கதவில் உயிர் வேண்டும், இரண்டாவதற்குக் கையில் விரல் வேண்டும்.

முழுக்கக் காயுமா?

நேர்மையான விடை: பலருக்கு ஒரு துளியும் இல்லாமல் காய்வதில்லை. பிரித்தானியாவில் 380 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நாடாவும் மற்றதற்குச் செயற்கைக் கதவும் வைத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு, ஏதாவது கொஞ்சமேனும் கசிகிறதா என்று கேட்டால் இரண்டு பகுதியிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆம் என்றார்கள். ஆனால் கசிவும் தொல்லையும் இரண்டு பகுதியிலும் நன்றாகக் குறைந்திருந்தன, பெரும்பாலானவர்களுக்குத் திருப்தி. செயற்கைக் கதவு வைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடத் திருப்தி. நாளுக்கு ஐந்து பம்பஸ் மாற்றியவர் ஒரு சின்னத் துணியோடு கலியாண வீட்டுப் பந்தியில் கடைசி வரை இருக்க முடிகிறது என்றால் என்னைக் கேட்டால் அது வெற்றிதான். "முற்றாகக் காயும்" என்று அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

கருவிக்கு ஆயுளும் உண்டு. பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திருத்தவோ மாற்றவோ திரும்ப ஒப்பரேஷன் வேண்டிவரும். கிருமி பிடிக்கலாம், பட்டை அழுத்தி அழுத்திச் சலக்குழாயை அரித்துத் துளைக்கலாம். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இந்த அரிப்பின் அபாயம் கூட. பம்பு இருக்கிற இடம் சிவந்து நொந்தாலோ, தோல் பம்போடு ஒட்டிக்கொண்டாலோ, சலத்தில் இரத்தம் கண்டாலோ, நல்லாயிருந்தவருக்குத் திடீரென்று கசியத் தொடங்கினாலோ அடுத்த கிளினிக் திகதி வரையில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

விலையும் பெரிது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி, எந்த ஆஸ்பத்திரி அலுமாரியிலும் எடுத்து வைத்திருக்கும் சாமான் இல்லை. வன்னியில் இருப்பவர் முதலில் தன் கிளினிக்கில் கேட்டு, சலத் தொகுதிக்கான சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவித்துப் போவதுதான் வழி. கேட்க வேண்டியவை: எனக்கு எந்தக் கசிவு, வெளிக்கதவு மூடுகிறதா, நாடாவா கருவியா, அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்யலாமா, என் கையிலிருந்து எவ்வளவு போகும்.

வீட்டார் தெரிந்திருக்க வேண்டியது

செயற்கைக் கதவு வைத்தவருக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அதைத் தேசிய அடையாள அட்டையோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும், வீட்டில் இன்னொருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் இது: பாம்பு கடித்தோ மோட்டர்சைக்கிளில் விழுந்தோ அவரை அறிவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கே வழக்கமாகச் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று சலத்துக்கு ரியூப் போடுவது. பட்டை இறுகி இருக்கும்போது ரியூப்பை உள்ளே தள்ளினால் சலக்குழாய் கிழியும், கருவியும் பழுதாகும். வெளியிலிருந்து பார்த்தால் கருவி இருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே கூடப் போகிறவர் வாசலிலேயே சொல்ல வேண்டும்: "இவருக்குச் சலத்துக்கு மெஷின் வைச்சிருக்கு, அதைத் திறந்து நிற்பாட்டாமல் ரியூப் போடவேண்டாம்." பம்பிலேயே அதற்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. பட்டையைத் திறந்து, பொத்தானை அமத்தி நிற்பாட்டிய பிறகு, உள்ளதில் மெல்லிய ரியூப்பாகப் பார்த்துப் போட்டு, தேவை முடிந்தவுடன் கழற்றிவிட வேண்டும்.